ஹன்னாவின் பெயரில் ஒன்பது போத்தல்

1

என் வேலைக்கு மூன்று வயது நிறைந்த அன்று, முதலாளி டெப்ரா காரட் கேக் வாங்கி வந்திருந்தார். மேலே என் பெயரை எழுதச் சொல்லியிருக்கிறார். 'தனலெட்சுமி'யை முடிக்க இடம் போதாமல் கடைக்காரர் கடைசி எழுத்துகளைக் கேக்கின் பக்கவாட்டில் இறக்கிவிட்டிருந்தார். கத்தியைக் கையில் எடுத்தபோது கதவு மணி அடித்தது. பச்சைத் தோள்பை மாட்டிய பெண் அதிகாரி ஒருவர் நின்றிருந்தார். அன்று கேக் வெட்டப்படவே இல்லை. காரணம் நான்.

இலங்கை மலையகத்தில், அட்டனிலும் தலவாக்கலையிலும் பட்டத்தை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, எந்த நேர்முகத்துக்குப் போவது என்று யோசித்துக்கொண்டிருக்கும் என் வயதுக்காரர்கள் இதைப் படிக்க வேண்டும் என்று ஆசை. வெட்கமாகவும் இருக்கிறது. பரவாயில்லை, எழுதிவிடுகிறேன்.

நான் இருப்பது கனடாவில், ஏரிக்கரையோரம் ஒரு சின்ன நகரம். கல்யாணமாகி வந்து ஐந்து வருடம். இங்கே தமிழ்க்கடை ஒன்றுதான். அங்கே போய் "அண்ணே, உளுந்து எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டால், கடைக்காரர், அவரும் இலங்கைக்காரர்தான், என் பேச்சைக் கேட்டு நிமிர்ந்து பார்த்து, "தங்கச்சி இந்தியாவோ?" என்பார். "இல்லண்ணே, அக்கரப்பத்தன" என்பேன். "அது எங்க கிடக்கு?" என்று அடுத்த கேள்வி வரும். ஐந்து வருடத்தில் அவருக்கு நாலு தடவையாவது சொல்லியிருப்பேன்.

வேலை செய்வது தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில். சுற்றிலும் பண்ணை வீடுகள்; வீட்டுக்கு வீடு கிணறு. அந்தத் தண்ணீரில் கிருமி இருக்கிறதா, உரம் கலந்திருக்கிறதா என்று சோதித்துச் சொல்வதே தொழில். ஆய்வுக்கூடம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். முன்பு அது சலவைக்கடை. டெப்ரா, நான், புதிதாக வந்த ஹன்னா. மூன்றே பேர்.

2

ஹன்னா வந்தது அரசாங்கத் திட்டமொன்றின் கீழ். நானும் அப்படித்தான் வந்தேன். சிறிய நிறுவனம் ஒன்று படித்து முடித்த ஒருவரைப் புதிதாக எடுத்தால், பழகும் காலத்துக்கு அவர் சம்பளத்தில் பாதியை அரசாங்கம் தரும். பதிலுக்கு நிறுவனம் உண்மையாகவே வேலை பழக்க வேண்டும். கூட்டிப் பெருக்க வைத்துக்கொண்டு கணக்குக் காட்டக் கூடாது. மூன்றாம் மாத முடிவில் பயிலுநர் ஒவ்வொரு வகைச் சோதனையையும் இத்தனை தடவை தன் கையால் செய்திருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. குறைந்தால் உதவி நிற்கும். உதவி நின்றால் டெப்ராவால் மூன்றாவது ஆளை வைத்திருக்க முடியாது.

இந்தத் திட்டத்தைப் பற்றி முதலில் கேட்டபோது எனக்குத் தலவாக்கலை நானா ஞாபகம்தான் வந்தது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தேயிலைத்தூள் பொதி செய்து கடைகளுக்குப் போடுகிற முஸ்லிம் வியாபாரி; எங்கள் பக்கம் அவர்களை அண்ணன் என்ற பொருளில் நானா என்போம். பட்டம் முடித்த கையோடு அவரிடம் போய், "தூள்ல ஈரம் எவ்வளவுன்னு நான் சோதிச்சுத் தர்றேன் நானா, வெளிநாட்டுக்கே அனுப்பலாம்" என்று மூச்சுவிடாமல் பேசினேன். முழுவதையும் கேட்டார். தேத்தண்ணி வாங்கித் தந்தார்.

"புள்ள, நீ சொல்றதெல்லாம் நெசம். ஆனா நீ வேல பழக ஆறு மாசம் ஆகும். அந்த ஆறு மாசமும் ஒனக்குச் சம்பளம் தந்துட்டு நான் ஊட்டுக்கு எதக் கொண்டு போறது? பழகிட்டு வா, நாளைக்கே எடுக்கிறேன்."

"பழகுறதுக்கு எங்க போறது நானா?"

"அதத்தான் எனக்கும் சொல்லத் தெரியல."

அவர் கெட்டவர் இல்லை. எனக்கும் அவருக்கும் நடுவில் அந்த ஆறு மாதம்தான் நின்றது. அதை யாராவது தோள் கொடுத்துத் தாண்டவிட்டிருந்தால் நான் இன்று தலவாக்கலையிலேயே இருந்திருப்பேன். பேராசையென்று சொல்லாதீர்கள், வட்டகொடையில் ஒன்று, பூண்டுலோயாவில் ஒன்று என்று கிளைகூடப் போட்டிருப்பேன்.

3

ஹன்னா பண்ணை வீட்டுப் பெண். வேதியியல் பட்டம். பேச்சு கம்மி, கை சுத்தம். அவள் சேர்ந்த இரண்டாம் வாரம் அவளுடைய அப்பா டிராக்டரிலிருந்து விழுந்து காலில் அறுவைச் சிகிச்சை. செவ்வாயும் வெள்ளியும் காலையில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். வீட்டில் கார் ஓட்டத் தெரிந்த வேறு ஆள் இல்லை. பகல் பன்னிரண்டரைக்கு வருவாள், சாயங்காலம் இருந்து மணிக்கணக்கைச் சரிக்கட்டுவாள். டெப்ராவும் சரி என்றுவிட்டார்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. தண்ணீர் போத்தல்கள் வருவது காலையில். வந்தவுடன் நான் சோதனையைத் தொடங்கிவிடுவேன். அவள் வரும்போது கழுவ வேண்டிய சாமான்தான் மிச்சம் இருக்கும். மூன்றாம் மாதம் நெருங்கியது. அவளுடைய கணக்கில் கிருமிச் சோதனை ஒன்பது குறைந்தது. தாளைப் பார்க்கும்போதெல்லாம் அவள் கீழுதட்டைக் கடிப்பாள். ஒரு வார்த்தை சொல்லமாட்டாள்.

எனக்கு அந்த உதடு தெரியும்.

தம்பி பிறந்து அம்மா வேலைக்குத் திரும்பிய சமயம். எனக்கு எட்டு வயது. பள்ளிக்கூட விடுமுறையில் அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டு மலைக்குப் போவேன். வெளியூர் வாசகர்களுக்காக: எங்கள் பக்கம் மலை என்றால் தேயிலை நிற்கும் இடம். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், விழும். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர்தான். அம்மாவின் கை அப்போது ஓடவில்லை. நிறுவைக்குப் போகும் வழியில் அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு தன் கூடையைப் பார்ப்பார். அப்போது பக்கத்து வரிசை ராக்கம்மா அத்தை நடந்துகொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், தன் கூடையிலிருந்து இரண்டு கைப்பிடி அள்ளி அம்மாவின் கூடையில் போடுவார். பின்னால் வருகிறவர் ஒரு பிடி. அதற்குப் பின்னால் வருகிறவர் ஒரு பிடி. தராசில் அம்மாவுக்கு முழுப்பேர். யாரும் யாரிடமும் நன்றி சொல்லவில்லை. கணக்குப்பிள்ளை கேட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. அதுதான் வழக்கம்.

அந்த வழக்கத்தை நான் விமானத்தில் கொண்டுவந்திருக்கிறேன் என்பது எனக்கே தெரியாது. மூன்று நாள் காலையில், நாளுக்கு மூன்று போத்தலாக, ஒன்பது சோதனையை நான் செய்துவிட்டு, பதிவுத்தாளில் என் இனிஷியலுக்குப் பதில் ஹன்னாவின் இனிஷியலைப் போட்டேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்குப் பெயர் உதவியா?

4

கேக் நாளுக்கு வருவோம்.

திட்டத்தைச் சரிபார்க்க வந்த அந்தப் பச்சைப்பை அதிகாரி நல்ல மனுஷி. முகத்தில் கடுமை இல்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு, வருகைப் பதிவையும் சோதனைத் தாள்களையும் அருகருகே வைத்து விரலால் ஓட்டிக்கொண்டே வந்தார். விரல் நின்றது.

"ஹன்னா, இந்தச் செவ்வாய்க்கிழமை நீங்கள் எத்தனை மணிக்கு வந்தீர்கள்?"

"பன்னிரண்டரை."

"இந்த மூன்று சோதனையும் ஒன்பதேகாலுக்குத் தொடங்கியிருக்கிறது. உங்கள் இனிஷியல்."

ஹன்னா குனிந்து பார்த்தாள். கழுத்திலிருந்து சிவப்பு மேலே ஏறியது. "இது நான் போட்டதில்லை."

"அப்படியானால் யார்?"

நான் எதிரில்தான் இருந்தேன். கேட்டவுடன் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும்போது ஏதாவது விசாரணை வந்தால் வரிசை முழுக்கக் கீழே பார்க்குமே, அப்படிக் கீழே பார்த்தேன். அந்த வரிசையில் நாற்பது பெண்கள் இருந்தார்கள். நாற்பது பேரின் மௌனத்தில் ஒருத்தி தப்பிக்கொள்வாள். இங்கே வரிசையில் நானும் அவளும்தான். நான் வாயை மூடினால் அவள் பொய்க்காரி. அவ்வளவு எளிய விஷயம் எனக்கு உறைக்க, சுவர்க் கடிகாரத்தில் முள் ஐந்தாறு தடவை நகர வேண்டியிருந்தது.

"நான் கொடுத்தேன்" என்றேன்.

மூவரும் திரும்பினார்கள். 'நான் எழுதினேன்' என்று வந்திருக்க வேண்டும். இத்தனை வருடம் பேசும் ஆங்கிலம் அந்த நேரம் பார்த்துக் காலை வாரியது.

"எதைக் கொடுத்தீர்கள்?" என்றார் அதிகாரி, குழம்பிப்போய்.

ராக்கம்மா அத்தை, கூடை, தராசு, அரைப்பேர் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். எவ்வளவு புரிந்ததோ தெரியாது. கடைசியில் அவர் மெதுவாகச் சொன்னார்: "உங்கள் எண்ணம் புரிகிறது. ஆனால் இந்த ஒன்பதையும் என்னால் ஏற்க முடியாது. ஹன்னாவே செய்து காட்ட இரண்டு வாரம் தருகிறேன். அதுவரை உதவி நிறுத்திவைக்கப்படும். அதற்குப் பிறகுதான் ஹன்னாவின் இடம் பற்றிச் சொல்ல முடியும்."

அவர் போனதும் டெப்ரா கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. "அந்த ஒன்பதில் ஒரு வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது" என்றார். "நாளை அந்தத் தண்ணீரில் ஏதாவது என்றால் நான் யாரிடம் போய்க் கேட்பேன்? அங்கே இல்லாத ஒருத்தியிடமா?" கேக் பெட்டியை மூடி உள்ளே வைத்தார். இரண்டு வாரத்துக்கு நான் எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்கக் கூடாது என்றார். ஒன்பது வீட்டிலும் நடந்ததைச் சொல்லி, கட்டணமில்லாமல் மறுபடி தண்ணீர் எடுத்து வர வேண்டும். நானே போக வேண்டும்.

ஹன்னா கோட்டை மாட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் போனாள்.

5

இங்கே இரவுச் சாப்பாட்டு நேரம் என்றால் அங்கே அம்மா எழும்பி ரொட்டி தட்டும் நேரம். போனை அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருப்பார். எனக்குத் தெரிவது பாதி முகமும் லயத்து வரிசை வீட்டின் கூரைத் தகரமும்.

"என்ன பாப்பா, மொகம் தொங்குது? மாப்புள ஏதும் சொன்னாரா?"

"அவரு ஒண்ணும் சொல்லலம்மா. வேலையில ஒரு பெரச்சன." சொன்னேன். முழுவதும் சொன்னேன்.

"அட, நல்லதுதானே செஞ்சிருக்க! அதுக்கு எதுக்கு ஒங்க தொரசானி கேக்க எடுத்து உள்ள வைக்குது?"

"இல்லம்மா. நம்ம கொழுந்து எல்லாம் ஃபெக்டரிக்குப் போனா ஒண்ணாக் கலந்துரும். எது யார் கை கொழுந்துன்னு ஒருத்தனும் கேக்கப் போறதில்ல. இது அப்படி இல்லையே. ஒவ்வொரு போத்தலும் ஒவ்வொரு வீட்டுத் தண்ணி. யார் பாத்தான்னு எழுதுறது, பொறகு தேடிப் போய்க் கேக்குறதுக்கு."

ரொட்டியைத் திருப்பிப் போட்டார். யோசிக்கிறார் என்று அர்த்தம்.

"சரி, அத விடு. அந்தப் புள்ளைக்கு வேல இருக்கா, இல்லையா? அதச் சொல்லு மொதல்ல."

"தெரியலம்மா. ரெண்டு வாரம் ஆகும்."

"அதோட அப்பன் காலு?"

"இன்னும் கட்டுதான்."

"பாவம். நீ போய் அதுகிட்டப் பேசுனியா?"

"என்னன்னும்மா பேசுறது? மொகத்தையே பாக்க மாட்டேங்குறா."

"பாக்காட்டி என்ன, காது கேக்கும்ல?" என்று சொல்லிவிட்டு அம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

6

மறுநாள் காலை போத்தல் பெட்டியைக் காரில் ஏற்றும்போது ஹன்னா வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். நான் கூப்பிடவில்லை.

"சோதனையை நான்தான் செய்யப் போகிறேன்" என்றாள். "தண்ணீர் எடுப்பதையும் பார்க்க வேண்டும்."

முதல் வீடு வரைக்கும் மடியில் வைத்திருந்த முகவரித் தாளையே பார்த்துக்கொண்டு வந்தாள். அந்த வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "போன தடவை சுத்தம் என்றீர்களே?" நான் விஷயத்தைச் சொன்னேன்: சோதனை செய்தது நான், எழுதியது இன்னொருவர் பெயர், தப்பு என்னுடையது. அதே வாக்கியத்தை ஒன்பது வாசலில் ஒன்பது தடவை சொன்னேன். ஒருவர் கதவைப் படாரென்று சாத்தினார்; பிறகு திறந்து, கிணறு பின்பக்கம் என்று கையைக் காட்டினார். கைக்குழந்தை வீட்டில் அந்தத் தாய் என்னைக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். நியாயமான கேள்விகள். ஒரு பாட்டி மட்டும் எங்களை உட்காரவைத்து ஆப்பிள் பணியாரம் மாதிரி எதையோ சாப்பிடத் தந்தார்.

அந்த வீட்டு வாசலில் வைத்துத்தான் ஹன்னா பேசினாள்.

"என்னால் முடியாது என்று நினைத்தாயா?"

"இல்லை! நேரம்தான் இல்லை என்று நினைத்தேன்."

"என்னிடம் ஏன் கேட்கவில்லை?"

"கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய்."

"ஆமாம். வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்." சட்டையில் ஒட்டிய துகளைத் தட்டிவிட்டாள். "அதைச் சொல்ல எனக்கு ஒரு வாய்ப்பு இருந்திருக்கும்."

மன்னிப்புக் கேட்டேன். காரில் ஏறியதும் அவளே வானொலியைப் போட்டாள். சத்தம் அதிகம் என்று நான் குறைத்தேன். அவள் கூட்டினாள். அதற்கு அப்புறம் கொஞ்சம் லேசாக இருந்தது.

ஒன்பது போத்தலையும் அவளே சோதித்தாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். எட்டுச் சுத்தம், ஒன்றில் கிருமி. முதலில் வந்த அதே முடிவு. ஒவ்வொரு வரியிலும் அவள் தன் இனிஷியலைப் போட்டபோதுதான் நான் போட்ட எழுத்து எவ்வளவு வேறு என்று கண்ணில் பட்டது.

7

கணக்கு இப்போது நேராகிவிட்டது. ஆனால் செவ்வாயும் வெள்ளியும் இன்னும் இருக்கின்றனவே. ஹன்னாவின் அப்பாவுக்குக் கால் சரியாக இன்னும் இரண்டு மாதம் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த கட்டத்திலும் இதே ஓட்டை விழும். அதிகாரியைப் போனில் பிடித்தேன்.

"நான்காம் பக்கத்தை நிரப்பியிருக்கலாமே" என்றார். "வீட்டில் நோயாளி இருந்தாலோ, பழகக் காலம் போதாவிட்டாலோ நீட்டித் தருவோம். அதற்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது. நீங்கள்தான் காலியாக விட்டிருக்கிறீர்கள்."

ஹன்னாவின் மூன்று மாதப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். இருந்தது. அந்தப் படிவத்தை நிரப்பியவள் நான்தான். அந்தக் கட்டத்தை நான் படிக்கவே இல்லை. தோட்டத்தில் நான் பார்த்த எந்தத் தாளிலும், ஏன் நிறை குறைந்தது என்று கேட்கும் இடம் இருந்ததில்லை. கேட்க மாட்டார்கள் என்று தெரிந்ததால்தான் ராக்கம்மா அத்தை அள்ளிப் போட்டார். இங்கே கேட்பார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

"இதை எப்படி எழுதுவது?" என்று டெப்ராவிடம் கேட்டேன்.

"நான் ஒரு தடவை எழுதியிருக்கிறேன். இரு." அலமாரியிலிருந்து பழைய கோப்பு ஒன்றை எடுத்துத் தந்தார்.

அட்டையில் என் பெயர்.

என் பயிற்சி எட்டு மாதம். எல்லோருக்கும் எட்டு மாதம்தான் என்று இந்த மூன்று வருடமும் நினைத்திருந்தேன். ஹன்னாவுக்கு ஆறு மாதம் என்றபோதுகூட, விதி மாறிவிட்டது போல என்று விட்டுவிட்டேன். நான்காம் பக்கத்தில் டெப்ராவின் கிறுக்கல் எழுத்து: 'இவருக்கு இன்னும் இரண்டு மாதம் வேண்டும். கை மிகச் சுத்தம். தொலைபேசி அடித்தால் பயந்து கழிவறைக்குப் போய்விடுகிறார். பழகிவிடுவார். காத்திருக்கலாம்.'

"கழிவறை விஷயம் உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"மூன்று பேர் வேலை செய்யும் இடத்தில் தெரியாமல் எப்படி?"

"என்னிடம் சொல்லவே இல்லையே."

டெப்ரா அலமாரிக் கதவைச் சாத்தினார். "சொல்லியிருக்க வேண்டும்தான்" என்றார்.

ஹன்னாவுக்கான பக்கத்தை நான் எழுதினேன். அனுப்பும் முன் அவளிடம் வாசிக்கக் கொடுத்தேன். 'பாவம்' என்ற பொருள்படும் ஒரு சொல்லை அவள் அடித்துவிட்டு, 'செவ்வாய், வெள்ளி' என்று நாளை எழுதினாள். பன்னிரண்டு நாளில் பதில் வந்தது. இரண்டு மாதம் கூட்டித் தந்திருந்தார்கள். நிறுத்திய உதவியும் திரும்ப வரும். டெப்ரா கேக்கைக் குளிர்பெட்டியின் உறைபகுதியிலிருந்து எடுத்தார். கல்லாக இருந்தது. கத்தியை ரம்பம் போல இழுத்து அறுத்து மூவரும் சாப்பிட்டோம். பக்கவாட்டில் இறங்கியிருந்த எழுத்துகள் ஹன்னாவுக்குப் போயின.

அன்று அம்மா போனை எடுத்ததும் வணக்கம் கூட இல்லை. "அந்தப் புள்ளைக்கு வேல இருக்கா?"

"இருக்கும்மா."

"அப்பாடி." தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தார். "இங்க பாரு பாப்பா, நீ சொன்னதிலிருந்து ஒண்ணு நெனச்சுக்கிட்டே இருந்தேன். அன்னிக்கு ராக்கம்மா என்னையக் கேட்டுட்டா போட்டா? கேட்டிருந்தா நானும் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். ரோசம் இருக்கும்ல."

"அப்ப அவங்க செஞ்சது தப்பாம்மா?"

"தப்புன்னா சொன்னேன்? அரைப்பேர் விழுந்திருந்தா ஒங்களுக்கு எதக் குடுத்திருப்பேன்? ஆனா ரெண்டு நாள் அவ மொகத்தப் பாக்கல நானு. அவ்வளவுதான். வையி, பெரட்டுக்கு நேரமாச்சு."

இந்த விஷயம் எனக்கு இருபது வருடமாகத் தெரியாது.

அதற்கடுத்த நாள் செவ்வாய். காலையில் ஏழு போத்தல் வந்தன. தண்ணீரைக் குளிரில் வைத்தால் மறுநாள் வரை சோதிக்கலாம் என்று விதி இருக்கிறது, தேடிப் பார்த்துவிட்டேன். ஆஸ்பத்திரி வரவேற்பறையில் உட்கார்ந்திருந்த ஹன்னாவுக்குச் செய்தி அனுப்பினேன்: 'மூன்று போத்தலை உனக்கு எடுத்து வைக்கட்டுமா?'

கையுறையை மாட்டாமல் காத்திருந்தேன்.

'நாலு வை' என்று வந்தது.